முட்டை ரூமில் இரண்டு கடிதங்கள்

புதுச்சத்திரம்,
பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தங்கசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் செல்லாயியும் ஷெட்டில் இருக்கிற எட்டாயிரம் கோழிகளும் சுகம். நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம், கோழிகள் முட்டை போடுகின்றன. குடும்பத்தில் உருப்படியாக வேலை செய்வது அவைதான். ஆத்தூரில் நீயும் பையன் ரமேஷ்குமாரும் எப்படி இருக்கிறீர்கள்? தையல் பிரித்துவிட்டார்களா? சோறு இறங்குகிறதா?

கல்யாணப் பத்திரிகையில் முகவரி எழுதுவதோடு சரி, இவனுக்கு ஏது கடிதம் எழுதுகிற பழக்கம் என்று நினைப்பாய். ஃபோன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது அக்கா. கடைக்காரன் அதை அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்திருக்கிறான். முளைத்தால் பேசுகிறேன்.

போன மாதம் சேலத்தில் ஆபரேஷன் முடிந்து நீ படுத்திருந்தபோது வந்தேன் அல்லவா, அன்றைக்குச் சரியாகப் பேச முடியவில்லை. கதவோரமே நின்றுவிட்டேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பெண்கள் வார்டுக்குள் ஒரு ஆண்பிள்ளை எப்படி நுழைவது? கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தது ஜலதோஷத்துக்காக.

நேற்று டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த பேப்பரில் ஒரு செய்தி இருந்தது. குடல் கேன்சருக்கும் ஏதோ ஒரு வைரசுக்கும் தொடர்பு இருப்பதாக வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்களாம். அதற்குக் கீழே முழுக்க வடை எண்ணெய். என்ன தொடர்பு என்று படிக்க முடியவில்லை. உன் டாக்டர் வைரஸ் கிய்ரஸ் என்று ஏதாவது சொன்னாரா? சும்மா பொது அறிவுக்காகக் கேட்கிறேன். கோழிப்பண்ணைக்காரன் காதில் வைரஸ் என்ற சொல் விழுந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது, உனக்குத் தெரியாததா.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒழிந்த நேரத்தில் இரண்டு வரி எழுது.

உன் தம்பி,
தங்கசாமி

*

ஆத்தூர்,
பிப்ரவரி 17

தம்பிக்கு,

அக்கா பொன்னாயி எழுதுவது. நான் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

தையல் பிரித்தாயிற்று. வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு பையை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். வெளிக்கிப் போவதெல்லாம் அதில்தான். நாலு மாதம் கழித்து உள்ளே சேர்த்துத் தைப்பார்களாம். முதல் வாரம் அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் அழுதேன். இப்போது பழகிவிட்டது. ரமேஷ்குமார் மில்லுக்குப் போகும் முன் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் போகிறான்.

உன் கடிதம் வந்த அன்று ரமேஷ்குமார் உன் நம்பருக்கு அடித்தான். நாலு தடவை மணி அடித்தது, ஐந்தாவதில் யாரோ கட் பண்ணினார்கள். தொட்டியில் மீன் வளர்க்கிறாயா?

நான் இருந்தது தனி ரூம். வார்டு இல்லை. அந்த ரூமில் என்னைத் தவிர வேறு பொம்பளை கிடையாது.

வைரஸ் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வேறொன்று சொன்னார். அது எனக்கில்லை, உனக்கு. காகிதத்தில் எழுதுகிற சமாசாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வா. ராசிபுரம் வந்து பஸ் மாறினால் இரண்டு மணி நேரம்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேடிக்கை பேசாமல் பதில் எழுது.

அக்கா

*

புதுச்சத்திரம்,
மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. அதனால்தான் தாமதம். தபால்காரரைத் திட்டாதே, அவர் மேல் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை எப்போதோ போய்விட்டது. வர ஆசைதான். ஆனால் எங்கோ பறவைக் காய்ச்சல் என்று பேச்சு. கால்நடை டாக்டர் வந்து ஒரு பாடம் எடுத்துவிட்டுப் போனார். கேட் வாசலில் ஊதாக் கலரில் பெர்மாங்கனேட் தண்ணீர், அதில் காலை முக்கித்தான் யாரும் உள்ளே வர வேண்டும். தீவன லாரி வந்தால் டயருக்கெல்லாம் மருந்து அடிக்கிறோம். வெளியே போய் வந்தால் குளித்து, துணி மாற்றி, அப்புறம்தான் ஷெட். மொத்தத்தில் வெளியூர்ப் பயணமே கூடாது. நான் சொல்லவில்லை, டாக்டர் சொன்னது.

போன வாரம் செல்லாயியின் தம்பி வந்தான். அவனையும் ஊதாத் தண்ணீரில் இறக்கினேன். புதுச் செருப்பு. "மாமா, நானென்ன லாரியா?" என்று கேட்டுவிட்டுக் காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டான். செல்லாயி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சத்தம் இல்லாமல் சாப்பிட முடிந்தது.

நேரில் சொல்ல வேண்டியது அப்பாவின் கிணற்றுப் பங்கு பற்றி என்றால், நீயே வைத்துக்கொள் அக்கா. அந்தக் கிணற்றில் இப்போது தவளைகூடத் தண்ணீர் தேடி வெளியே வருகிறது.

என் உடம்பைக் கேட்டிருந்தாய். சிரிக்காதே. எனக்கு மூலம். கார்த்திகையிலிருந்து காலையில் போகும்போது கொஞ்சம் ரத்தம் வருகிறது. வெண்ணந்தூரில் ஒருவர் சூரணம் கொடுக்கிறார். "கோழியும் முட்டையும் ஆகாதுங்க" என்று பத்தியம் வேறு. முட்டைக்காரனுக்கு முட்டை ஆகாது என்பது ஆண்டவன் செய்கிற கேலி இல்லாமல் வேறென்ன? செல்லாயிக்குத் தெரியாது. நீயும் சொல்லிவிடாதே. அவளுக்குத் தெரிந்தால் ராசிபுரம் சந்தை வரைக்கும் தெரிந்துவிடும்.

பையைப் பற்றிப் படித்தேன். தைரியமாக இரு.

தம்பி,
தங்கசாமி

*

ஆத்தூர்,
மார்ச் 15

தங்கசாமி,

சுகம் விசாரிக்க நேரமில்லை. ரமேஷ்குமார் தபாலாபீசுக்குக் கிளம்பி நிற்கிறான்.

ரத்தம் எப்படி வருகிறது? சிவப்பாகச் சொட்டுகிறதா, கறுத்துக் கலந்து வருகிறதா? எரிச்சல் இருக்கிறதா? இளைத்திருக்கிறாயா? எனக்கும் மூலம் என்றுதான் ஒன்றரை வருஷம் சூரணம் தின்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை.

நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை எழுதிவிடுகிறேன். டாக்டர் என்னிடம் கேட்டார்: "உங்க ஊட்டுல வேற யாருக்காச்சும் வயித்துல இப்படி இருந்துச்சுங்களா?" அம்மாவைச் சொன்னேன். அம்மா போனது நாற்பத்தொன்பது வயசில். வாய்வு என்றோம், குடல் புண் என்றோம், கடைசியில் வயிற்றுக் கட்டி என்றோம். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, "கூடப் பொறந்தவங்க இருந்தா ஒருநா கூட்டியாங்க. ஒண்ணும் தொந்தரவு இல்லீன்னாலும் குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாத்தே ஆகோணும்" என்றார். எனக்குக் கூடப் பிறந்தது நீ ஒருவன்தான்.

தொந்தரவு இல்லாவிட்டாலும் என்றார். உனக்கோ நாலு மாதமாக ரத்தம் வருகிறது.

சூரணத்தை நிறுத்து. உடனே கிளம்பி வா. வர முடியாவிட்டால் சேலத்துக்காவது போ. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் போடு.

அக்கா

*

புதுச்சத்திரம்,
மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

வெயில் இப்போதே கோழிகளை வாய் பிளக்க வைக்கிறது. ஷெட் மேலே தண்ணீர் தெளிக்கிறோம். மனிதர்களுக்குத் தெளிக்க ஆள் இல்லை. ஆத்தூரிலும் இப்படித்தானா? நீயும் ரமேஷ்குமாரும் சௌக்கியம்தானே?

ஒரு நல்ல சேதி. எங்கள் மகள் தமிழினியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மல்லசமுத்திரம். மாப்பிள்ளை பெயர் அறிவழகன். பெயரில் இருக்கும் இரண்டில் ஒன்றாவது ஆளிடம் இருக்கிறது, தைரியமாகச் சொல்லலாம். கோயமுத்தூரிலேயே வேலையாம், அதனால் தமிழினி வேலையை விட வேண்டியதில்லை. அவன் அம்மா எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோழி வாசம் உள்ள வரைக்கும் வருமுங்களா?" என்று கேட்டாள். "வாசம் வந்தாத்தானுங்க சோறு வரும்" என்றேன். செல்லாயி என் காலை மிதித்தாள்.

செல்லாயிக்கு இன்னொரு சந்தோஷமும் உண்டு. என் தொந்தி கரைந்துவிட்டது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறேன். இருபது வருஷமாக அவள் திட்டித் திட்டி நடக்காதது ஒரே சூரணத்தில் நடந்துவிட்டது.

அக்கா, ஒன்று கேட்டால் கோபிக்கக் கூடாது. ரமேஷ்குமார் உனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறானா? கல்யாணம் ஆக வேண்டிய பையன். சீக்கு வந்தால் பண்ணையில் முதலில் அதைத்தான் செய்வோம், அந்த எண்ணத்தில் கேட்கிறேன். எனக்கு இப்போதெல்லாம் உட்கார்ந்தால் எழுந்தால் அந்தப் பேப்பர் ஞாபகம்தான். எண்ணெய்க்கு அடியில் என்ன எழுதியிருந்திருக்கும் என்று நானே எழுதி எழுதிப் பார்க்கிறேன். ஒன்றும் நன்றாக வரவில்லை.

பதில் எழுது.

தம்பி,
தங்கசாமி

*

ஆத்தூர்,
மார்ச் 26

தங்கசாமிக்கு,

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது ஒன்று. அம்மாவைப் பற்றி எழுதினேன். டாக்டர் சொன்னதை எழுதினேன். ஒரு வார்த்தைகூடப் பதில் இல்லை. தட்டையும் டம்ளரையும் கேட்டிருக்கிறாய்.

உன் கடிதத்தை ரமேஷ்குமார்தான் படித்துக் காட்டினான். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டான். "அப்புறம் என்ன சாமி?" என்றேன். "அவ்வளவுதானுங்கம்மா" என்றான். அவன் போன பிறகு நானே எடுத்துப் படித்தேன்.

எங்கள் வீட்டில் தனித் தட்டு இல்லை.

கோபம் இருக்கட்டும். பெல்ட்டில் இரண்டு ஓட்டை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நானும் இப்படித்தான் ரவிக்கையைப் பிடித்துப் பிடித்துத் தைத்தேன்.

புதன்கிழமைக்குள் நீ பதில் சொல்லாவிட்டால் செல்லாயிக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

பொன்னாயி

*

புதுச்சத்திரம்,
ஏப்ரல் 3

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

செல்லாயி வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் உடம்புக்கு இப்போது தேவலையா? புதன்கிழமை நீங்கள் ஃபோனில் சொன்னதற்கெல்லாம் "சரிங்கண்ணி, சரிங்கண்ணி" என்று மட்டும் சொன்னேன். இவர் பக்கத்திலேயே நின்றார். அதற்குப் பிறகு நடந்ததை வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபோனை வைத்ததும் "அண்ணி ரெண்டு காயிதம் போட்டாங்களாமே, எங்கீங்க?" என்று கேட்டேன். தபால் வரவில்லை என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் நேராக முட்டை ரூமுக்குப் போனேன். மருந்துப் புகை போடுகிற மூலையில், பழைய தகரப் பெட்டிக்குள் உங்கள் கடிதம் இரண்டும் இருந்தன. ஒட்டியது ஒட்டியபடி. உறை மேலே இவர் கையெழுத்து. ஒன்றில் "உள்ளே 17-3, வெளியே 7-4". இன்னொன்றில் "உள்ளே 28-3, வெளியே 18-4".

பின்னாலேயே ஓடி வந்தார். "அதத் தொடாத செல்லாயி, இன்னும் நாளாகல!"

"என்னுங்க நாளாகோணும்? இருவத்தியோரு நாள் வெச்சிருந்து குஞ்சு பொரிக்கப் போறீங்களா?"

"வைரசு புள்ள. காயிதத்துல ஒட்டியிருந்தாலும் இருவத்தியோரு நாள்ல செத்துப்போயிரும். பேப்பர்லயே போட்டிருந்தான், அந்தக் கேன்சரு வைரசுலதான் வருதுன்னு. எனக்கு வந்தா உனக்கு, உனக்கு வந்தா தமிழினிக்கு..."

"உங்கக்கா என்ன, சீக்குக் கோழியா?"

நான் அங்கேயே உறையைக் கிழித்துச் சத்தமாகப் படித்தேன். ரத்தம் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். ஃபோனில் நீங்கள் சொன்னபோது அது சரியாக மனசில் ஏறவில்லை. "ஏனுங்க, கார்த்திகையிலிருந்துங்களா?" என்றேன். முட்டை அட்டை அடுக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டார். எத்தனை முட்டை உடைந்தது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

அவர் இளைத்ததைப் பார்த்துச் சிரித்தவள் நான். இப்போது அவர் பெல்ட்டை எடுத்து ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். "டாக்டர்கிட்டப் போலாம் வாங்க" என்றால் எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுகிறார். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். இவர் உங்களுக்குச் செய்ததை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
செல்லாயி

*

புதுச்சத்திரம்,
ஏப்ரல் 6

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சுகமா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

செல்லாயி எழுதியதெல்லாம் உண்மை. ஃபோன் தொட்டியில் விழவில்லை. கட் பண்ணியது நான்தான். ஆஸ்பத்திரியில் ஜலதோஷமும் இல்லை. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வர இரண்டு தடவை காலை எடுத்து வைத்தேன், கால் வரவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக் கழிச்சல் வந்து என் ஷெட்டே காலியானது உனக்குத் தெரியும். முதல் நாள் ஒரே ஒரு கோழிதான் கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. சரியாகிவிடும் என்று விட்டேன். எட்டாம் நாள் பொக்லைன் வைத்துக் குழி வெட்டினேன். அன்றிலிருந்து வைரஸ் என்றால் எனக்கு அந்தக் குழிதான். அந்தக் கணக்கை மனுஷனுக்கும் போட்டேன், அதுவும் உனக்கு. ஊரில் இருப்பவனையெல்லாம் கேலி பேசுகிற வாய்க்கு, தன் புத்தி போன போக்கைப் பார்க்கத் தெரியவில்லை.

ரத்தம் கறுத்துத்தான் வருகிறது. எரிச்சல் இல்லை. ஒன்பது கிலோ இறங்கியிருக்கிறேன், தீவனத் தராசில் ஏறிப் பார்த்தேன்.

ஆனால் குழாய் விட்டுப் பார்க்க நான் போக மாட்டேன் அக்கா. கேலிக்குச் சொல்லவில்லை. தெரியாத வரைக்கும் நான் மூலக்காரன். தெரிந்துவிட்டால் அம்மா கடைசியில் கிடந்த கட்டிலில் என்னைப் படுக்க வைத்துவிடுவார்கள். அம்மா சுவரில் நகத்தால் கீறுகிற சத்தத்தை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். எனக்கு அது போதும்.

என்னை மன்னிக்க வேண்டாம். கடிதம் மட்டும் போடு. வந்த கையோடு பிரிப்பேன்.

தங்கசாமி

*

ஆத்தூர்,
ஏப்ரல் 9

தம்பி,

நீ ஒன்றைச் சொல்லிவிட்டாய். நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

கூடப் பிறந்தவர்களைக் கூட்டி வரச் சொல்லி டாக்டர் சொன்னது ஜனவரி முப்பதாம் தேதி, என்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று. நான் உனக்கு எழுதியது மார்ச் பதினைந்து. நடுவில் ஆறு வாரம். ரமேஷ்குமார் தினமும் கேட்டான், "மாமாகிட்டச் சொல்லீட்டீங்களாம்மா?" என்று. செல்லாயி நம்பர் என்னிடம் இருக்கிறது. ஒரு நிமிஷ வேலை. நேரில் வந்தால் சொல்கிறேன் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். நீ கைக்குட்டையோடு கதவில் நின்றது எனக்கு வயிற்றுத் தையலைவிட அதிகமாக வலித்தது. வரட்டும், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால் சொல்லுவேன், இல்லாவிட்டால் போகட்டும் என்று ஒரு நாள் நினைத்தேன். அப்படியும் நினைத்தேன் தங்கசாமி. மூலம் என்று நீ எழுதிய அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது. அந்த ஆறு வாரத்தில் உனக்குள் அது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று இப்போது தினமும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போயிருந்தேன். உன் வைரசையும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. செய்தி உண்மைதானாம். எல்லோர் குடலிலும் இருக்கிற ஒரு பாக்டீரியா, அதற்குள்ளே குடியிருக்கிற ஒரு வைரஸ். குடல் கேன்சர் வந்தவர்களிடம் அது அதிகமாகத் தென்படுகிறதாம். அதனால்தான் கேன்சர் வந்ததா, கேன்சர் வந்த குடலில் அது குடி புகுந்ததா என்று ஆராய்ச்சி செய்தவர்களுக்கே இன்னும் தெரியாதாம். "கேன்சரு தட்டுலயும் டம்ளர்லயும் ஒட்டாதுங்கம்மா. காயிதத்துல சத்தியமா ஒட்டாது" என்றார். காகிதக் கதையை ரமேஷ்குமார் சொல்லிவிட்டான்.

என்னிடமிருந்து உனக்கு எதுவும் ஒட்ட வேண்டியதில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் இருந்தோம், அதுதான் டாக்டருக்குப் பயம்.

அம்மா கட்டிலைச் சொன்னாய். அம்மாவை யாரும் குழாய் விட்டுப் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் அந்தக் கட்டில். என்னைப் பார்த்தார்கள். நான் பையைக் கட்டிக்கொண்டு நேற்று ரசம் வைத்தேன்.

பதினாறாம் தேதி வியாழக்கிழமை உன் பெயரில் டாக்டரிடம் சீட்டுப் போட்டாயிற்று. முந்தின நாளே ரமேஷ்குமார் உன் வீட்டுக்கு வந்துவிடுவான். ஷெட்டில் போய் ஒளிந்துகொண்டால் கூண்டு கூண்டாகத் தேடுவான். என் மகனைத் தெரியுமல்லவா?

அக்கா

*

புதுச்சத்திரம்,
ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

போய் வந்தேன். சுகம் என்று எழுதவும் முடியவில்லை, இல்லை என்று எழுதவும் முடியவில்லை.

முந்தின நாள் இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். எலுமிச்சை வாசனையில் கடல் தண்ணீர். கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நான் நடந்த நடையைச் சேர்த்து வைத்தால் நாமக்கல்லுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். கதவுக்கு வெளியே நின்று ரமேஷ்குமார், "மாமா, இருக்கறீங்களா?" என்று கால் மணிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருந்தான். "பாதி இருக்கறன்டா" என்றேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அந்த இரண்டு நாளில் நான் சிரித்தது அவ்வளவுதான்.

ஊசி போட்டதும் தூங்கிவிட்டேன். முழித்தபோது டாக்டர் என்னைத் தாண்டி செல்லாயியைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். என்னிடம்தானே பேச வேண்டும்? பண்ணைக்கு வருகிற கால்நடை டாக்டரும் கோழியிடம் பேச மாட்டார், முதலாளியிடம்தான் பேசுவார்.

ஒரு கட்டி இருக்கிறது. இடது பக்கம். குழாய் அதற்கு மேல் சிரமப்பட்டுத்தான் போனதாம். சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாள் ஆகும். செல்லாயி வண்டியில் வரும்போது வாயே திறக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஏதாவது திட்ட மாட்டாளா என்று இருந்தது.

அந்த ஆறு வாரத்தை எண்ணாதே. நான் சூரணம் தின்ற மாதங்களை முதலில் எண்ண வேண்டும், அது என் பாடு.

பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி

*

புதுச்சத்திரம்,
ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கேன்சர்தான். இன்று காலை சொன்னார்கள். பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார்கள். மே ஆறாம் தேதி ஆபரேஷன். உன்னைப் போலவே எனக்கும் பை வைக்க வேண்டி வரலாம் என்றார். இதையெல்லாம் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் கேட்க முடியவில்லை.

அம்மா, நீ, நான். மூன்று பேருடைய வயசையும் வரிசையாக எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடவில்லை. "குழந்தைங்க எத்தனை பேருங்க?" என்றார். "ஒரு பொண்ணு" என்றேன். "என்ன வயசு?" "இருவத்திநாலு." அம்மா வழியில் வருகிற ஏதோ ஒன்று எங்கள் ரத்தத்தில் இருக்கலாமாம். அதற்கு ஒரு டெஸ்ட் இருக்கிறதாம். எனக்கு எடுத்துப் பார்த்து, இருந்தால் தமிழினிக்கும் பார்க்க வேண்டுமாம். ரமேஷ்குமாருக்கும்தான். தெரிந்துகொண்டால் நல்லது, வருஷா வருஷம் பார்த்துப் பார்த்துத் தடுத்துவிடலாம் என்றார். நல்ல விதமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காதில் அடைத்துக்கொண்டது.

வைரஸாகவே இருந்திருக்கலாம் அக்கா. வைரஸுக்கு எனக்கு வழி தெரியும். கேட்டை மூடுவேன், மருந்து அடிப்பேன், தனியாகப் பிரித்து வைப்பேன். இதற்கு எந்தக் கேட்டை மூடுவது? அவள் பிறந்த அன்றைக்கே நான் கையில் கொடுத்துவிட்டேனா என்று தெரியாமல் நிற்கிறேன். மூன்று மாதமாக உன்னிடமிருந்து என் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை மல்லசமுத்திரத்துக்காரர்கள் பூ வைக்க வருகிறார்கள். செல்லாயி, "கல்யாணம் முடியட்டுமுங்க, அப்பறம் சொல்லிக்கலாம். இப்பத் தெரிஞ்சா அவங்க வாசப்படி மிதிப்பாங்களா?" என்று அழுகிறாள். அவள் சொல்வதும் தப்பில்லை. நானும் ஒரு பகல் முழுக்க அப்படியே நினைத்தேன். நீ ஆறு வாரம் என்று எழுதினாயே, அது எப்படி ஓடியிருக்கும் என்று அப்போது தெரிந்தது. இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று சொல்லச் சொல்ல வாரங்கள் தானாக ஓடிவிடும்.

அதனால் சனிக்கிழமை தமிழினியைக் கோயமுத்தூரிலிருந்து நேராக ஆத்தூருக்கு வரச் சொல்லிவிட்டேன். நாங்கள் வெள்ளிக்கிழமையே வருகிறோம். "எதுக்குங்கப்பா?" என்று கேட்டாள். "அத்தையப் பாக்கோணும் சாமி" என்றேன். வேறு சொல்ல வரவில்லை. அவளுக்குத் தெரிந்த பிறகு மல்லசமுத்திரத்துக்குச் சொல்வதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யட்டும். உடம்பு அவளுடையது.

நான்தான் சொல்ல வேண்டும். செல்லாயியால் முடியாது. ஆனால் என்னை உனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏதாவது வேடிக்கை பேசுவேன். அவள் சிரிப்பாள். சிரித்ததும் விட்டது தொல்லை என்று எழுந்து வெளியே போகப் பார்ப்பேன். அப்போது நீ என் கையைப் பிடித்து உட்கார வை. சொல்லி முடிக்கிற வரைக்கும் விடாதே.

தங்கசாமி